புண் ஆறும், வலி ஆறுமா?

2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். பலர் தீக்காயத்துடன் உயிர் தப்பினார்கள்.

தீப்புண் ஆறிவிடும். வெந்த நரம்பு சும்மா இராது. சிலருக்கு வருடக்கணக்கில் வலிக்கும்.

தீராத நரம்பு வலியை அடக்க ஒரு கருவி உண்டு. முதுகுத்தண்டின் அருகே மெல்லிய கம்பி வைப்பார்கள். தோலுக்கு அடியில் பாட்டரி வைப்பார்கள். லேசான மின்சாரம் பாய்ந்து வலியைக் குறைக்கும். 1967-ல் அமெரிக்க டாக்டர் நார்மன் ஷீலி இதைத் தொடங்கி வைத்தார்.

அதோடு தொல்லை தீர்ந்ததா? எல்லோருக்கும் இல்லை! சிலருக்குக் கம்பி இடம் நகரும். சிலருக்குச் சீழ் பிடிக்கும். பாட்டரியும் ஒருநாள் தீர்ந்து போகும். மறுபடியும் ஆபரேஷன்!

கருவியே வைத்தாலும், ஒரு தடவை வைத்தியம் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அச்சங்குளத்தில் காயம்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உடம்பு வெந்த அளவைப் பார்த்துத் தொகை நிர்ணயித்தது. நல்ல காரியம்தான். ஆனால் வெந்த தோலை அளக்கலாம். வலியை அளக்க முடியுமா? பணம் ஒருமுறை வரும். வலி தினமும் வரும்.

ஆகவே, வலிக்கு ஆயுள் முழுவதும் இலவச வைத்தியம் வேண்டும். அது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். அதுதான் முழு நஷ்ட ஈடு!