ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்

ஜூன் 21 அன்று காலை பள்ளி மைதானம், கடற்கரை, அலுவலக வளாகம் என எங்கு பார்த்தாலும் பாய்கள் விரிந்திருக்கும். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2015 முதல் அந்த நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. இனித் தினமும் செய்வது என்று அன்றைக்கு முடிவெடுப்பவர்கள் ஏராளம். ஜூலை பிறந்து சில நாள் கழித்து அதே வீடுகளுக்குப் போனால், பாய் சுருட்டப்பட்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "செஞ்சா ஒழுங்கா செய்யணும். விடியுமுன்னே எழுந்து, ஒரு மணி நேரம், ஒருநாள் விடாம. அது நம்மால முடியல. அரைகுறையா செய்யறதுக்குச் செய்யாமலே இருக்கலாம்."

கேட்பதற்கு இது ஒழுக்கத்தின் குரலாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் சொல்கிறார்கள், சில யோகா மாஸ்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வாதம் யோகாவை விட்டு விலக்கிவைத்த ஆட்களின் எண்ணிக்கை, சோம்பல் விலக்கியதைவிடக் குறைவாக இருக்காது. இதற்குள் நான்கைந்து நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடச் சோதனைக்கு நிற்பதில்லை.

முதலாவது, நேரம். குறைந்தது ஒரு மணி நேரமாவது செய்யாவிட்டால் உடம்பில் ஒட்டாது என்பது. உலக சுகாதார நிறுவனமே 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலுழைப்பு ஒரே மூச்சாகப் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லியிருந்தது. 2020இல் புதிய வழிகாட்டுதல் வந்தபோது அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது இன்றைய இலக்கு. அதை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். சிறிதளவு அசைவும் அசையாமல் இருப்பதைவிட மேல் என்பதே இன்றைய நிலைப்பாடு.

நடைக்கும் இப்படி ஓர் எண் உண்டு. பத்தாயிரம் அடி. கைக்கடிகாரமும் கைபேசியும் தினமும் நினைவூட்டும் இந்த எண் எந்த மருத்துவக் கூடத்திலும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி அளவி. விற்பனைப் பெயர் காலப்போக்கில் மருத்துவ விதியாகிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ தலைமையிலான குழு, சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்து வெளியிட்டது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட, 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடல்நலம் உள்ளவர்களே அதிகம் நடந்திருக்கலாம் என்பதால், இவ்வகை ஆய்வை வைத்து நடைதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பத்தாயிரம் எட்டாத நாளெல்லாம் வீண் என்று நினைத்து வாக்கிங்கை நிறுத்திய பாட்டிக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

"21 நாள் விடாமல் செய், பழக்கமாகிவிடும், நடுவில் ஒருநாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து" என்பது அடுத்தது. கோயில் விரதக் கணக்கைப்போல ஒலிப்பதாலோ என்னவோ, நம் ஊரில் இதற்குச் செல்வாக்கு அதிகம். இது புறப்பட்ட இடம் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய ஒரு நூல். முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். புது மூக்குக்குப் பழகுவதும் விடியலில் எழப் பழகுவதும் ஒன்றா? 'குறைந்தது' என்ற சொல்லும் வழியில் உதிர்ந்துபோனது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்பதை நேரடியாக அளந்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. 2009இல் வெளியான அவரது ஆய்வில் 96 பேர் பங்கேற்றார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிறிது ஓட்டம் என்பதுபோல ஆளுக்கொரு செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் அதைச் செய்து குறித்துவந்தார்கள். யோசிக்காமலே கை அதில் போய் நிற்கும் நிலை வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. மெதுவாகப் படிந்தவர்களுக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. அந்த ஆய்வில் கிடைத்த இன்னொரு முடிவுதான் இங்கே முக்கியம்: நடுவில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஒருநாள் காய்ச்சலில் படுத்ததற்காகவும், ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததற்காகவும் பாயைச் சுருட்டியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் சுருட்டியிருக்கவே வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் உடம்பைப் பற்றியது. "எனக்கு முட்டி மடங்காது, குனிந்தால் விரல் கணுக்காலைத் தொடாது, எனக்கெல்லாம் எங்கே யோகா?" கோவை நானம்மாள் 98 வயதில் பத்மஸ்ரீ பெற்றபோது அவரது ஆசனப் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள், பலர் மலைத்தும் போனார்கள். அவர் சிறுவயதிலேயே வீட்டுப் பெரியவர்களிடம் கற்று, வாழ்நாள் முழுக்க விடாமல் செய்தவர். ஐம்பதில் தொடங்குகிறவர் தம்மை அவரோடு ஒப்பிட்டுக்கொள்வது இருவருக்குமே நியாயமில்லை.

யோகா வரலாற்றையே பார்க்கலாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ள 190க்கு மேற்பட்ட சூத்திரங்களில் ஆசனத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று. அங்கே கேட்கப்படுவது நிலைத்தன்மையும் சுகமும். வளைவுக்கு அளவு எதுவும் சொல்லப்படவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பெயர் சொல்லும் ஆசனங்களில் பத்மாசனத்தோடு சுகாசனமும் இடம்பெறுகிறது. சுகாசனம் என்பது நம் வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்வதுதான்.

நவீன யோகாவின் பெரிய ஆசான்களும் உடம்புக்கேற்றபடி யோகாவை மாற்றியவர்களே. பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வாட்டியதில் நோஞ்சான் பிள்ளையாக வளர்ந்தவர். அவர்தான் பின்னாளில் மரக்கட்டை, பட்டை, கயிறு, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்து, கை எட்டாதவருக்கும் எட்டும்படி செய்தார். அவருடைய குரு டி. கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையின் ஆதரவில் இளைஞர்களுக்கு வேகமான, கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர். பிறகு சென்னைக்கு வந்து நோயாளிகளையும் முதியவர்களையும் பார்க்கத் தொடங்கியதும், ஆளுக்கேற்ப ஆசனம் என்பதையே தம் முறையாக்கிக்கொண்டார். 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது, படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தமக்காக வகுத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன. 1989இல், நூறு வயதைக் கடந்தபின் காலமானார். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி தம் மனவளக்கலையில் உடற்பயிற்சிக்கு வைத்த பெயரிலேயே 'எளியமுறை' என்ற சொல் உண்டு. கை, கால், மூச்சு, கண் என்று படிப்படியாகப் போகும் அதை இன்றைக்கும் தமிழ்நாட்டு மன்றங்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கடினமான ஆசனம்தான் உயர்ந்தது என்ற எண்ணம் ஆபத்தாகவும் முடியலாம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பயிற்சி உள்ள 75 பேரைச் சிரசாசனத்தில் நிறுத்திக் கண்ணழுத்தத்தை அளந்தார்கள். 2006இல் வெளியான முடிவு: தலைகீழாக நின்றபோது அழுத்தம் சுமார் இரண்டு மடங்கானது. கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. அப்படிப்பட்டவர் நாற்காலியில் அமர்ந்து தோளைச் சுழற்றினால் அது குறைந்த யோகா ஆகிவிடாது.

தியானத்துக்கு வருவோம். "கண்ணை மூடினால் கடன் தவணை, பிள்ளையின் பரீட்சை, அடுப்பில் வைத்த பால் எல்லாம் வருகிறது. எனக்குத் தியானம் வராது." மனம் காலியானால்தான் தியானம் என்று யாரோ சொல்லிவைத்ததன் விளைவு இது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசன்காம்ப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தியானப் பயிற்சி உள்ள 14 பேரை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் எங்கோ போய்விட்டது என்று உணரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அனுபவசாலிகளும் அழுத்தத்தான் செய்தார்கள். மனம் அலைகிறது, அலைந்ததை உணர்கிறோம், திரும்புகிறோம், சிறிது நேரம் நிற்கிறோம், மறுபடி அலைகிறது. இந்தச் சுற்றுதான் தியானம். பால் பொங்குமோ என்ற நினைவிலிருந்து பத்து முறை மூச்சுக்குத் திரும்பியவர் பத்து முறை பயிற்சி செய்திருக்கிறார்.

இதற்குத் தனி அறையோ தனி மதமோ தேவையில்லை. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 2001இல் 23 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. கத்தோலிக்கச் செபமாலையின் மங்கள வார்த்தை செபத்தை லத்தீனில் சொன்னபோதும், ஒரு பௌத்த மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தணிந்தது. சாதாரணமாக அது 12 முதல் 20 வரை இருக்கும். மூச்சு தணிந்ததோடு, ரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் இதயத்தின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. வேளாங்கண்ணியில் மாலை உருட்டும் அம்மாவும் திண்ணையில் ஓம் சொல்லும் தாத்தாவும் தெரியாமலே செய்துவரும் மூச்சுப்பயிற்சி அது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கக் கூடாது. பலன் நிரூபணமான பயிற்சிகளில் பல ஐந்து நிமிடத்தில் முடிபவை அல்ல. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய மனக்கவனப் பயிற்சி எட்டு வாரம் நீள்வது. தினமும் வீட்டுப்பாடம் உண்டு. 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 47 பரிசோதனைகளை, 3,515 பேரின் விவரங்களோடு திரட்டிப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்தால் ஓரளவு பலன் உண்டு என்பதற்கு மிதமான சான்று இருக்கிறது என்றது. உடற்பயிற்சியையோ மருந்தையோ அது மிஞ்சியதாகச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிராணாயாமம் செய்யச் சொல்பவரை நம்ப வேண்டாம். நாட்பட்ட முதுகுவலிக்கு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் யோகாவை முதற்கட்டச் சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதுவும் மருத்துவரின் கண்பார்வையில் செய்ய வேண்டியது.

ஐந்து நிமிடமும் ஒரு மணி நேரமும் சமம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சுருட்டிய பாயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் உள்ள தேர்வு ஐந்து நிமிடமா, ஒன்றுமே இல்லையா என்பதுதான். லாலியின் ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிய செயலை ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டார்கள். நம் வீட்டிலும் அதற்கு இடம் இருக்கிறது: பல் துலக்கியதும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும்.

பாயை இன்றே வெளியே எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாளைக் காலை பல் துலக்கியதும் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பத்து முறை நிதானமாக மூச்சை இழுத்து விடுங்கள். நாளை மறுநாள் மறந்துபோனால், அதற்கடுத்த நாள் அதே நாற்காலியில் உட்காருங்கள்.