அன்று சாப்பா, இன்று ஆப்பு!

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முற்பகல் பதினொரு மணிக்கு நடந்து போகிற அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மிளகும் சுக்கும் மணக்கிற பழைய பாண்டிகசாலைகளின் நிழலில், தேநீர்க் கடை வாசலில், பத்துப் பதினைந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்மீது சாய்ந்து, குனிந்த தலை நிமிராமல் நிற்கிறார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ கூட்டுப் பிரார்த்தனை நடக்கிறது என்றே எண்ணுவார்கள். பிரார்த்தனைதான்; சாமிதான் வேறு. கையிலிருக்கும் செல்போன் 'டிங்' என்று மணியடித்தால் ஒருவனுக்கு வரம் கிடைத்துவிட்டது என்று பொருள். அவன் வண்டியை உதைத்துக்கொண்டு ஓடுகிறான். மற்றவர்கள் அவனை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொள்கிறார்கள்.

அந்த வரிசையில் என் தங்கை மகனும் ஒருவன். யார் வீட்டுப் பிரியாணியையோ யார் வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். அவனுக்கு வேலை கொடுக்கும் அந்தச் சாதனத்தை அவன் 'ஆப்' என்கிறான். நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்க்கு வசதியாக ஒரு 'பு' சேர்த்து 'ஆப்பு' என்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு ஆப்பு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தின் வெடிப்பிலே அதைச் செருகி அடித்தால், ஒன்றாக இருந்தது இரண்டாகும்.

பழைய காலைக் காட்சி

இதே மட்டாஞ்சேரியில் இன்னொரு காட்சி தினந்தோறும் நடந்தது. கொச்சித் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். சரக்கு ஏற்றவும் இறக்கவும் வேலை தேடி ஆயிரம் பேர் கூடி நிற்பார்கள். வேலையோ சில நூறு பேருக்குத்தான். கங்காணியைப் போல் இங்கே மூப்பன் என்று ஒருவன் இருந்தான். அவன் கையில் உலோக வில்லைகள்; அவற்றுக்குச் 'சாப்பா' என்று பெயர். அவன் சாப்பாவை அள்ளிக் கூட்டத்தின் நடுவே வீசுவான். கோழிகளுக்குத் தானியம் இறைப்பது போல! விழுந்து, புரண்டு, ஒருவரை ஒருவர் மிதித்து, யார் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்றைக்குக் கூலி. சிக்காதவன் கீறிய முழங்கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த இழிவை ஒழிக்க வேண்டும் என்று 1953ஆம் ஆண்டு துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியிலே துப்பாக்கி வெடித்தது. சைதும் சைதலவியும் குண்டுக்கு இரையானார்கள். அந்தோணி போலீஸ் அடியினால் இறந்தார். 2023இல் வெளிவந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்தக் கதையைத்தான் சொல்லுகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள்?

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துறைமுகத் தொழிலாளரின் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. சட்டம் தில்லியில் இருந்தது. சாப்பா மட்டாஞ்சேரியில் பறந்துகொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் காகிதத்தில் படுத்திருந்த நியாயத்தைத் தட்டி எழுப்ப மூன்று உயிர்கள் போக வேண்டியிருந்தது. சாப்பா பின்னால் ஒழிந்தது. வில்லை தானாகத் துருப்பிடித்து ஒழியவில்லை. "இனிமேல் பொறுக்க மாட்டோம்" என்று குனிந்தவர்கள் நிமிர்ந்ததால் ஒழிந்தது.

பங்காளியாம், பங்காளி!

இப்போது மறுபடியும் பதினொரு மணிக் காட்சிக்கு வாருங்கள். வீசுகிறவன் கை தெரியவில்லை, அவ்வளவுதான். வீச்சு அதே வீச்சு. யாருக்கு எப்போது எவ்வளவு கூலி என்பதை எங்கோ ஒரு கணக்குப் பொறி தீர்மானிக்கிறது. ஏன் அவனுக்கு, ஏன் எனக்கில்லை என்று கேட்டால் பதில் கிடையாது. மூப்பனிடமாவது ஒரு கும்பிடு போடலாம், வாய்க்கு வந்தபடி திட்டலாம். பொறியிடம் என்ன செய்வது?

வேடிக்கை என்னவென்றால், இவர்களைத் தொழிலாளி என்று கூப்பிடுவதில்லை. 'பார்ட்னர்' என்கிறார்கள். அதாவது பங்காளி! நம் ஊரிலே பங்காளி என்றால் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, கோர்ட்டுக் கச்சேரி. அதற்கெல்லாம் அடியிலே ஒரு காணி நிலமாவது இருக்கும். இந்தப் பங்காளிக்கு வண்டி சொந்தக் காசு, பெட்ரோல் சொந்தக் காசு, போன் சொந்தக் காசு, விழுந்தால் உடைகிற எலும்பும் சொந்த எலும்பு. லாபத்தில் மட்டும் பங்கு இல்லை!

சோறு வாங்கியவர் நட்சத்திரம் கொடுக்க வேண்டுமாம். நட்சத்திரம் பார்த்துப் பெண் கொடுத்த காலம் போய், நட்சத்திரம் பார்த்து வேலை கொடுக்கிற காலம் வந்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் என் மருமகன் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். சாம்பார் ஆறிவிட்டது என்று ஒருவர் புகார் எழுதினார். மறுநாள் காலை போனைத் திறந்தால் கதவு மூடியிருந்தது. மூன்று நாள் வேலை இல்லை.

"யாரையாவது போய்க் கேளேன்டா" என்றேன்.

"யாரை மாமா கேக்குறது? ஆபீஸே கிடையாது. எழுதிக் கேட்டா மெஷின்தான் பதில் சொல்லுது. 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்'னு வருது. நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் வருந்திட்டு."

வருத்தப்படுவதற்குக்கூட மெஷின் வைத்துவிட்ட முதலாளித்துவத்தின் முன்னேற்றத்தை என்னவென்று புகழ்வது!

உலகம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், ஊபர் வண்டியோட்டிகள் சட்டப்படி தொழிலாளர்களே, குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறைக்கும் உரியவர்களே என்று தீர்ப்பளித்தது. 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்ற கம்பெனியின் வாதம் எடுபடவில்லை. நம் நாட்டில் ராஜஸ்தான் மாநிலம் 2023இல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தனி நல வாரியம் அமைந்தது. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய கம்பெனிகள் தம் ஆண்டு வரவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை தொழிலாளர் நலனுக்குக் கட்ட வேண்டும் என்கிறது அது. ஆனால் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு 5க்கு மேல் அது போகாது என்று ஒரு வேலியும் போட்டிருக்கிறது. இவர்களை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாசலிலே இலை போட்டுவிட்டு, உள்ளே வராதே என்பது போல!

இருந்தாலும் இலை இலைதான். ஆனால் 1948 சட்டத்தின் கதையை மறந்துவிடாதீர்கள். கேட்கிறவன் இல்லாத இடத்தில் சட்டம் தானாக நடந்து வந்து கதவைத் தட்டாது.

கட்டைவிரல் கேட்ட துரோணர்கள்

இளைஞர்கள் பாடு இது. பெரியவர்கள் பாடு என்ன? வெளியிலுள்ள தோபிக்கானாவை எல்லோரும் அறிவோம். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட நம்மவர்களின் வழிவந்தோர் என்று சொல்லப்படும் குடும்பங்கள் இன்றும் அங்கே கல்லில் அடித்து வெளுக்கிறார்கள். அப்படி நாற்பது ஆண்டு சோடாவிலும் கஞ்சியிலும் ஊறிய கை, எனக்கு அத்தை முறையாகும் ஒரு தாயாரின் கை. ஒரு நாள் ஒரு கவுண்டரில் கட்டைவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார். சிவப்பு விளக்கு. "ரேகை சேரவில்லை, நீங்கள் நீங்கள்தான் என்று தெரியவில்லை" என்றார் அங்கிருந்தவர்.

"ஊரு அழுக்கெல்லாம் வெளுத்து வெளுத்து ரேகை போச்சுய்யா. ரேகை போனா ஆளும் போயிருமா?" என்று கேட்டுவிட்டு வந்தார் அத்தை.

உழைத்துத் தேய்ந்த விரலுக்குத்தான் இந்தச் சோதனை. உழைக்காத விரல் ஒரே அழுத்தில் பச்சை விளக்கு வாங்கிவிடுகிறது. ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்ட துரோணராவது ஒரு தடவைதான் கேட்டார். ஆனால் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கைரேகை சேரவில்லை என்பதற்காக யாருக்கும் உரிய பொருளை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கண் ரேகை உண்டு, போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் உண்டு. இதைச் சொல்லிக் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால், அன்றைக்கு அத்தை வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார். அந்த ஆளாக நான் போகவில்லையே என்ற வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு விரலில் பரவும் தீ

வேலை கொடுக்கவும் பொருள் கொடுக்கவும் ஆயிரம் தடை வைக்கிற இந்தச் சாதனம், ஒரு காரியத்தை மட்டும் தடையில்லாமல் செய்கிறது. அது வதந்தி. 2021 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணையை மூடு என்று போனுக்குப் போன் முழக்கம் பறந்தது. 1895இல் கட்டி முடித்த அணையை இங்கே ஒருவன் போனிலேயே உடைத்தான். எல்லைக்கு அப்பால் இன்னொருவன் போனிலேயே பழிவாங்கினான். வீண் பீதி கிளப்புகிறவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கேரள முதலமைச்சர் சட்டசபையில் சொல்ல வேண்டியதாயிற்று. அணையைப் பற்றி நியாயமான கவலை இரு பக்கமும் இருக்கலாம். ஆனால் 2011 டிசம்பரில் கம்பம்–குமுளி எல்லையில் நடந்த கலவரத்தில் அடிபட்டவர்கள் யார்? போனில் வீரம் பேசியவர்களா? அப்பால் பிழைக்கப் போன ஏழை மலையாளியும், இப்பால் பிழைக்க வந்த ஏழைத் தமிழனுமே!

நம்மவர்களும் யோக்கியம் என்று மார் தட்ட முடியாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. எங்கெங்கோ, எதற்கெதற்கோ நடந்த சண்டைகளை ஒட்டி விட்டிருந்தார்கள். திருப்பூரிலே பலர் அலறியடித்து ரயிலேறினார்கள். பீகார் அரசு விசாரிக்கக் குழுவையே அனுப்பியது. பொய் என்று தெரிவதற்குள் பிழைப்பைவிட்டு ஓடிய வேதனை உண்மையாகிவிட்டது. அந்தப் படங்களுக்குக் கீழே, 'வடக்கனுக்கு நன்றாக வேண்டும்' என்று சிரித்து எழுதிய தமிழர்களும் உண்டு. அவர்களில் ஒருவன், மட்டாஞ்சேரியில் தன்னை யாராவது 'பாண்டி' என்று அழைத்தால் மூக்குச் சிவக்கிறவனாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்!

ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கிறவன், இன்னொரு ஊரில் அப்படி உழைக்கிறவனைப் பார்த்துச் சிரித்தால், தன் முகத்திலேயே துப்பிக்கொள்கிறான்.

ஆகவே என்ன செய்வது?

செல்போனைத் தூக்கிக் காயலில் போடுங்கள் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்லன். தந்தி என்றாலே தெருவில் ஒப்பாரி கிளம்பிய காலத்தைப் பார்த்தவன் நான். 2013 ஜூலையோடு அந்தத் தந்தியும் நின்றது. இன்று தென்காசிப் பக்கத்தில் இருக்கும் என் தாயார், பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஏளா, மெலிஞ்சிட்டியே" என்கிறார். இந்த நன்மையை மறுப்பவன் நன்றி கெட்டவன். சண்டை கருவியோடு அல்ல. கருவி யார் கையில் என்பதில்தான்.

சாப்பாவுக்கும் ஆப்புக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைக் கடைசியில் சொல்கிறேன். சாப்பாவைப் பொறுக்கப் போனவர்கள் ஒரே மண்ணில் விழுந்தார்கள். விழுந்தவன் பக்கத்தில் விழுந்தவனைப் பார்த்தான். அவன் முழங்கையிலும் ரத்தம், இவன் முழங்கையிலும் ரத்தம். அந்தப் பார்வையிலிருந்துதான் சங்கம் பிறந்தது. இன்று பத்துப் பேர் ஒரே நிழலில் நின்றும், ஒருவனுக்கு எவ்வளவு வந்தது, ஒருவனை ஏன் நிறுத்தினார்கள் என்று அடுத்தவனுக்குத் தெரியாது.

தெரிய வேண்டும். ஞாயிறு மாலை சங்க அறைக்கு வாருங்கள். வண்டியோட்டும் பிள்ளைகள் தங்கள் கூலிக் கணக்கை, புகார்ச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வாருங்கள். பத்துப் பேர் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொறியின் திருட்டும் நேர்மையும் தானே விளங்கும். இ-ஷ்ரம் பதிவு இல்லாதவர்கள் ஆதாரோடு வாருங்கள். படித்த பிள்ளைகள் உட்கார்ந்து பதிந்து கொடுப்பார்கள். ரேகை தேய்ந்த தாய்மார்களோடு கவுண்டருக்குப் போக ஆள் ஏற்பாடு செய்வோம். ஓ.டி.பி. எண்ணை எந்த மகராசன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டிராமல் உடனே 1930க்குப் பேசுங்கள். அணை உடைந்தது, ஆளை வெட்டினார்கள் என்று செய்தி வந்தால், அனுப்பும் முன் பக்கத்து வீட்டு மலையாளி அண்ணனையும் கேளுங்கள். அவருக்கும் அதே பொய் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கும்!

வெடிப்பு உள்ள மரத்தில்தான் ஆப்பு இறங்கும். என் மருமகனிடம் இதைச் சொன்னேன். தலை குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழவில்லை போலும் என்று எண்ணினேன். சற்று நேரம் கழித்துச் சொன்னான்: "மாமா, நம்ம நிழல்ல நிக்கிற பத்துப் பேருக்கும் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வாராங்களாம்."

போனிலேயேதான் சொல்லியிருந்தான்!