ஊர் ஜீப்புக்கு எந்த டயர்? பார்க்கிறவர்களுக்கா, ஏறிப் போகிறவர்களுக்கா?



போன வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஊர் ஜீப்புக்கு டயர் மாற்றும் பேச்சு வந்தது. கால் மணித்தியாலத்தில் முடிய வேண்டிய விடயம் இரவு பதினொன்றரை வரைக்கும் இழுபட்டது. கடைசியில், "மட் டயர் போடுவம், ஒரு சைஸ் கூட்டிப் போடுவம், மாரி வருது, வெள்ளத்துக்குள்ள போகத் தோதா இரிக்கும்" என்று முடிவெடுத்து, அடுத்த கிழமை முற்பணம் கட்டப் போவதாகவும் சொல்லிவிட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது நாங்கள் தூக்கவில்லை. "சேர்மார் டயர் விசயத்திலயும் பாடம் எடுக்க வந்துட்டாங்க" என்று ஒரு தம்பி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை, எரிச்சலாக மாறிவிட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த ஜீப் எதற்கு இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம் போலிருக்கிறது. ஆசிரியர்கள் சம்பளத்தில் பிடித்தும், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பியும், வட்டைக்காரர்கள் அறுவடைக்குப் பிறகு கொடுத்தும் வாங்கிய பழைய மொண்டெரோ அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் நாடு முழுக்க இருந்ததை வைத்துத்தான் ஓடினார்கள், நாமும் ஓடினோம். இப்போதும் புதிதாக ஒன்று வாங்க நமக்கு வக்கில்லை. இருக்கிற ஜீப்பை இன்னும் பத்து வருடம் ஓட்டியாக வேண்டும்.

அது எங்கே ஓடுகிறது? சாரதி எழுதும் ஓட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். சிறுநீரக நோயாளிகளைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போவது, மஹியங்கனைப் பதினெட்டு வளைவு வழியாகக் கண்டிக்கும் கொழும்புக்கும் நோயாளி கொண்டுபோவது, ஜனாஸாவுக்குத் தூர ஊர்களிலிருந்து உறவினரை ஏற்றிவருவது. எல்லாம் காபட் போட்ட வீதி. அதற்கு அடுத்தது வட்டைக்குள் போகும் கிரவல் வீதி. மழைக்காலத்தில் குளக்கட்டும் சேறும். வருடத்தில் ஓரிரு நாள், வெள்ளத்துக்கு ஆள் ஏற்றத் தோணி வேண்டுமென்று கடற்கரை மணலில் இறங்கித் தோணியை இழுத்துவருவது. இவ்வளவுதான்.

இந்த ஓட்டத்துக்கு வெறும் ஹைவே டயர் போதாது என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. போன மாரியில் கிரவலில் கூர்க்கல் குத்தி ஓரச்சுவர் கிழிந்து, நோயாளியோடு இரண்டு மணித்தியாலம் நின்றதை நாம் எல்லோரும் அறிவோம். "ரோட் டயர் போட்டா மலிவு, சத்தமும் இல்ல" என்று கூட்டத்தில் பேசிய ஹாஜியார் அவருடைய காருக்குச் சொன்னால் சரி. ஊர் ஜீப்புக்குச் சரியில்லை. ஓல் டெரெய்ன் என்கிற நடுத்தர டயர்தான் நமக்குத் தேவை. ஹைவே டயரை விட இடைவெளி அகலமான பூ, தடித்த ஓரச்சுவர், அதேநேரம் பூக்கட்டைகளில் மெல்லிய வெட்டுகள். அந்த மெல்லிய வெட்டுகள்தான் நனைந்த காபட்டில் நீர்ப்படலத்தை அறுத்துப் பிடி தருகின்றன.

மட் டயரில் கட்டைகள் பெரியவை, மெல்லிய வெட்டுகள் மிகக் குறைவு. ஆழச் சேற்றில் அது ராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் நனைந்த காபட்டில் பிரேக் அடித்தால் நிற்கும் தூரம் கூடும். வளைவில் வழுக்கும். எண்ணெய் கூடக் குடிக்கும், தேய்வும் வேகம். சத்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பின் ஆசனத்தில் படுத்திருக்கும் நோயாளி ஆறு மணித்தியாலம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். மணலுக்கும் அது நல்லதல்ல. மணலில் டயர் மிதந்து போக வேண்டும். மட் டயரின் கட்டை தோண்டிக்கொண்டு கீழே போகும். காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிட்டால் சாதாரண ஓல் டெரெய்ன் டயரே மணலில் தோணியை இழுத்துவிடும். வீதிக்கு ஏறியதும் மறக்காமல் காற்று அடிக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு சின்னக் கொம்பிரசர். ஒரு டயரின் விலைகூட வராது. அதை வாங்குவோம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

அடுத்து, "ஒரு சைஸ் கூட்டுவம்" என்ற பேச்சு. கணக்குப் பார்ப்போம், இது ஆறாம் தரப் பிள்ளை செய்யும் கணக்கு. நம் ஜீப்பின் அளவு 265/65R17. அகலம் 265 மில்லிமீற்றர். ஓரச்சுவரின் உயரம் அதில் 65 வீதம். ரிம் 17 அங்குலம். கூட்டினால் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். போடச் சொல்கிற 265/70R17 டயரின் உயரம் 803 மில்லிமீற்றர். வித்தியாசம் 27. அதில் பாதிதான் வண்டியின் வயிற்றை மேலே தூக்கும். அதாவது 13 மில்லிமீற்றர். சுண்டுவிரல் அகலம்! இந்தச் சுண்டுவிரலுக்காகத்தான் பதினொன்றரை மணிவரை சண்டை பிடித்தோம்.

இந்த 13 மில்லிமீற்றருக்கு நாம் கொடுக்கும் விலையையும் பாருங்கள். வேகமானி உண்மையை விடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். 80 என்று காட்டும்போது ஓட்டம் கிட்டத்தட்ட 83. எஞ்சின் இழுக்கச் சோரும், பிரேக் கூடப் பாடுபடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்காட்டில் உரசுகிறதா என்று வேறு பார்க்க வேண்டும். பின்கதவில் தொங்கும் ஸ்பெயார் சில்லையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும். நான்கை மட்டும் கூட்டிவிட்டு ஸ்பெயாரைப் பழைய அளவில் விட்டால், பஞ்சராகும் நாளில் நான்கு சில்லும் ஒரே அளவில் உருளாது. ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் கியருக்குள் என்ன நடக்கும் என்று கராஜ்காரரிடம் கேளுங்கள், அவர் சந்தோஷப்படுவார், வேலை அவருக்குத்தானே.

இனி எல்லோரும் தலையாட்டிய அந்த வசனத்துக்கு வருகிறோம். "இந்த டயரப் போட்டா வெள்ளத்துக்குள்ளயும் போகலாம்." கடைக்காரர் சொன்னாராம்.

சகோதரர்களே, எந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம்? 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் என்ன நடந்தது? மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய நம் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. உழவு இயந்திரத்தின் பின் டயரை விடப் பெரிய டயரையா நாம் மொண்டெரோவுக்குப் போடப் போகிறோம்? அதைவிடக் கட்டை பெரிய பூ எந்தக் கடையில் இருக்கிறது? அந்தப் பிள்ளைகளின் மையித்துகளைத் தேடி நாட்கணக்கில் கரையில் நின்ற ஊர்கள் நம்முடையவை. அந்தக் கரையில் நின்றவர்களே கூட்டத்தில் தலையாட்டியதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படிப்பிக்கிற மேலுதைப்பு இது. ஜீப்பின் அடித்தளம் ஏறத்தாழ 8 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அடித்தளத்தைத் தொட்ட பிறகு, உள்ளே புகாமல் இன்னும் 10 சென்ரிமீற்றர் ஏறினால் 800 லீற்றர் தண்ணீரை வண்டி இடம்பெயர்க்கிறது. அதாவது 800 கிலோ பாரம் டயரிலிருந்து கழன்றுவிட்டது. 20 சென்ரிமீற்றர் ஏறினால் 1600 கிலோ. இரண்டேகால் தொன் ஜீப்பில் அதற்குப் பிறகு டயரை வீதியில் அழுத்த என்ன மிச்சம்? அழுத்தம் இல்லாவிட்டால் உராய்வு இல்லை. உராய்வு இல்லாவிட்டால் பூ எதுவாக இருந்தாலென்ன? பக்கத்திலிருந்து ஓடிவரும் தண்ணீர் வண்டியைப் பலகை மாதிரித் தள்ளிக்கொண்டு போகும். ஓடும் தண்ணீர் 60 சென்ரிமீற்றர் இருந்தால் பெரும்பாலான வாகனங்களை, ஜீப், பிக்கப் உட்பட, அடித்துக்கொண்டு போகும் என்று வெள்ள எச்சரிக்கை கொடுப்பவர்கள் பல நாடுகளில் சொல்லி வருவது இதனால்தான். 60 சென்ரிமீற்றர் என்றால் வளர்ந்த ஆளின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. காற்று நிரம்பிய பெரிய டயர் வண்டியை இன்னும் மிதக்கத்தான் வைக்கும்.

சாரதித் தம்பி நல்ல பிள்ளை, துணிந்தவர். அதுதான் பயம். "பெரிய டயர் இரிக்கி, போங்க" என்று கரையில் நின்று பத்துப் பேர் சொன்னால் அவர் இறங்கிவிடுவார். சின்ன டயர் இருந்தால் ஒருதரம் யோசிப்பார்.

சரி, என்ன வாங்குவது? பிராண்ட் பெயருக்காக அடிபட வேண்டாம். யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன், டொயோ, பி.எஃப். குட்ரிச், மெக்சிஸ் என்று பலதும் இந்த வகையை இந்த அளவில் செய்கிறார்கள். பெயரை விட டயரின் ஓரத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 112 என்றொரு எண் இருக்கும். ஒரு டயர் 1120 கிலோ தாங்கும் என்று அதற்கு அர்த்தம். கம்பனி போட்ட எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. அளவுக்கு முன்னால் "எல்.டி" என்ற எழுத்து இருந்தால் அது பாரவண்டி வகை. தடிப்பானது, பாரமானது, அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள காற்றளவை அதற்கு அப்படியே அடித்தால் அது தாங்கும் சுமை குறைந்துவிடும். நம் ஊரில் பிராடோ வைத்திருக்கும் சிலர் ஷோவுக்கு எல்.டி டயர் போட்டு, பழைய காற்றிலேயே ஓடுகிறார்கள். அவர்களும் இதை வாசித்தால் நல்லது. நம் ஜீப்புக்கு எல்.டி தேவையில்லை.

கடையில் மலையும் பனித்துகளும் வரைந்த ஒரு குறியைக் காட்டி விலை பேசுவார்கள். அது பனிவீதிக்கான குறி. இருந்தால் பாதகமில்லை, ஆனால் அக்குறிக்காகக் காசு கொடுக்க வேண்டாம். அக்கரைப்பற்றில் பனி விழுகிற வருடம் பார்த்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உற்பத்தித் திகதி. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம். 3519 என்றிருந்தால் 2019இன் 35ஆவது வாரம். பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பூட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே பூட்டுவதற்கு முன் பாருங்கள். கூட்டத்தில் "மலிவாக ஒரு செட் இரிக்கி" என்று ஒருவர் சொன்னாரே, நாங்கள் மறுநாளே போய்ப் பார்த்தோம். பூ புத்தம் புதிது, முள்ளுக்கூட உதிரவில்லை. திகதி ஏழு வருடப் பழசு. பூவுக்கும் ஓரச்சுவருக்கும் நடுவில் விரலால் அமுக்கினால் மயிர் மாதிரி வெடிப்பு. டயர் ஓடினால் மட்டும்தான் பழசாகும் என்று நினைக்கிறோம். நிழலில் கிடந்தாலும் றப்பர் இறுகும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் சோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் பூ இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பனிகளே சொல்கின்றன. அதே கணக்கில் பார்த்தால் பின்கதவில் தொங்கும் நம் ஸ்பெயார் டயர் வாங்கிய நாளிலிருந்து மாறவே இல்லை. அதன் திகதியை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜப்பானில் பனிக்காலம் ஓடிக் கழித்த டயரையும் சிலர் சொன்னார்கள். குளிருக்கென்று மெதுவாகச் செய்த றப்பர் இந்த வெயிலில் எத்தனை மாதம் நிற்கும்?

காசு போதவில்லை என்பது உண்மைதான். ஐந்து டயரும் சேர்ந்து இலட்சக்கணக்கில் வரும். ஆனால் மட் டயருக்கென்று ஒதுக்கிய தொகையில் சரியான அளவில் புதிய ஓல் டெரெய்ன் ஐந்தும் வாங்கலாம் என்று இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். குறைந்தால் குறைகிற தொகையை ஆசிரியர்கள் நாங்கள் பிரித்துக்கொள்வோம்.

எங்களைக் குழப்பக்காரர்கள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். குழு முற்பணம் கட்டும்போது ரசீதில் அளவு 265/65R17, சுமை எண் 112 அல்லது அதற்கு மேல், ஒவ்வொரு டயரினதும் உற்பத்தி வாரம் ஆகிய மூன்றும் எழுதி வாங்க வேண்டும். எழுதாத ரசீதுக்கு எங்கள் பங்குக் காசு வராது. இந்த வெள்ளி இஷாவுக்குப் பிறகு மறுபடி கூடுவோம். அதற்கு முன் யாராவது ஒரு டோர்ச் எடுத்துக்கொண்டு ஜீப்பின் ஐந்து டயரையும் குனிந்து பார்த்து, நான்கு இலக்கத்தையும் கீழே கருத்தில் போடுங்கள்.