கமராவுக்கு ஒரு தாழ்வாரம்

மாலை வேளையில் அல்லைப்பிட்டிக் கரையிலே நின்று, கடலுக்குச் சென்ற வள்ளம் திரும்புகின்றதா என்று பார்ப்போரை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். அவர்கள் முதலிற் செய்யும் காரியம், கையை நெற்றியில் வைத்துக் கண்ணுக்கு நிழல் கொடுப்பதே. வேண்டாத ஒளியை விலக்கினாலன்றி வேண்டிய பொருள் துலங்காது. வீட்டுக்குத் தாழ்வாரம் எப்படியோ, கண்ணுக்குக் கை எப்படியோ, அப்படியே கமராவின் வில்லைக்கு 'லென்ஸ் ஹூட்' என்னும் மறைப்பு.

இதனை நாம் கற்றுக்கொண்டது ஓர் இழப்பினால். சில ஆண்டுகளுக்கு முன், கனடாவிலிருந்து வந்திருந்த உறவினரை அக்கரையில் நிறுத்திப் படம் பிடித்தோம். பேரப்பிள்ளைகளின் நடுவே அப்பாச்சி அமர்ந்திருந்தார். சூரியன் படத்துக்குள் வரவில்லையே என்ற துணிவில் ஹூட்டைப் பையிலேயே விட்டுவிட்டோம். பின்னர் பார்த்தால், படம் முழுவதும் வெண்புகை படிந்தாற்போல் மங்கியிருந்தது. அப்பாச்சியின் முகத்தின்மீது ஓர் ஒளிப்பொட்டு. மறுநாளே அவர்கள் விமானம் ஏறினர். அடுத்த முறை வந்தபோது அப்பாச்சி இல்லை. 1990இலும் 2006இலும் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த ஊர் இது. உயிரைக் காத்து ஓடுவோர் சுவரிலே தொங்கும் படத்தை எடுத்துச் செல்வது அரிது. ஆதலின், இங்கே இன்று எடுக்கும் குடும்பப் படத்துக்குப் பெறுமதி அதிகம்.

சூரியன் படத்துக்கு வெளியே நின்றாலும், அதன் கதிர் வில்லையின் முகத்திற் சாய்வாக விழக்கூடும். பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும், தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்களவைத் திருப்பி எறியும். வில்லையினுள்ளே கண்ணாடிகள் பல. அவற்றிடையே ஒளி மோதி அலைந்து கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகின்றது. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா உருவாக்கிய மேற்பூச்சு இக்குறையைப் பெரிதும் தணித்தது, முற்றாக ஒழித்துவிடவில்லை. அன்றியும், ஆழமற்ற நம் கடலும் வெண்மணலும் பக்கங்களிலிருந்து ஒளியை வீசுவன.

இனி, ஹூட்டைத் தெரிவு செய்யும் முறை. அகன்ற காட்சியைப் பிடிக்கும் 28 மி.மீ. வில்லைக்குக் குட்டையான ஹூட் வேண்டும். தொலைவை நெருங்கக் காட்டும் 200 மி.மீ. வில்லைக்கு நீண்ட குழாய் வேண்டும். நீண்டதை அகன்ற வில்லைக்கு மாட்டினால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுபோகும். சில ஹூட்டுகள் பூவிதழ்போல் வெட்டப்பட்டிருப்பது அழகுக்காக அன்று. நீள்சதுரப் படத்தின் மூலைகளுக்கு வழிவிடவே. திருகின் விட்டம் பொருந்தினாற் போதும் என்று எண்ணலாகாது. அந்த வில்லைக்கென அமைந்த ஹூட்டையே கேட்டு வாங்குக. குவிக்கும்போது முன்பகுதி சுழலும் வில்லையாயின், இதழ் வடிவம் உதவாது, வட்டமானதே ஏற்றது. உட்புறம் மினுக்கமற்ற கறுப்பாக இருத்தல் அவசியம்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்க. வில்லையின் துவாரத்தை மிகச் சிறிதாக்கி, வெள்ளைச் சுவரையோ வெளிர்வானத்தையோ படம் எடுத்து, மூலைகளைப் பாருங்கள். வடிகண்ணாடி மாட்டும் வழக்கம் உண்டாயின் அதனையும் மாட்டியே சோதிக்க.

பலர் ஹூட்டைத் தலைகீழாக மாட்டியபடியே படம் பிடிக்கின்றனர். அது பையில் வைப்பதற்கான நிலை. அதனால் நிழல் கிடையாது. கமராவிலேயே அமைந்த மின்னொளியைப் பயன்படுத்தும்போது ஹூட்டைக் கழற்றுக. இன்றேற் படத்தின் அடியிற் பிறைபோல் நிழல் விழும். சோளகக் காற்று பலமாக வீசும்போது நீண்ட ஹூட் காற்றை வாங்கிக் கமராவை அசைக்கும். சூரியனே படத்துக்குள் நிற்குமாயின் எந்த ஹூட்டும் உதவாது. ஆயினும், உப்புத்தூவலும் தவறுதலான மோதலும் வில்லையை எளிதில் அணுகாமல் அது காக்கும்.

கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கும் மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. முதலில் வில்லையிற் படிந்த விரலழுக்கை மென்துணியால் துடையுங்கள். பின்பு வெயில் வரும் பக்கத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். கை படத்துள் வராதிருக்கட்டும். கையோடு ஒன்றும் கையின்றி ஒன்றுமாக இரு படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள். வீட்டிலே முதியவர் இருப்பின், அவர் முகத்தையே இப்பயிற்சிக்குத் தேர்ந்துகொள்ளுங்கள்.