ராணிப்பேட்டையும் தேவ்ராலாவும்

சென்னையிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் ஏறினால் பாலாற்றின் வடகரையில் ராணிப்பேட்டை வரும். தோல் பதனிடும் தொழிலுக்கும் ஜோடுத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆயிரக்கணக்கான பெண்கள் காலையில் டிபன் பாத்திரத்தோடு பாக்டரி வாசலில் நிற்கும் ஊர். 2019 நவம்பரிலிருந்து ஒரு ஜில்லாவின் தலைநகரம். அந்த ஊரின் பெயரில் உள்ள ராணி யார்? தேசிங்கு ராஜனின் மனைவி. புருஷனோடு சிதையில் எரிந்தவள். அவள் நினைவாக ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் ஏற்படுத்திய பேட்டை இது என்பது ஊர் வரலாறு. அவள் பெயர் ராணிபாய் என்கிறது கதைப்பாட்டு. அது பெயரா, பட்டமா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

செஞ்சிக்கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது அது ஒன்றே. இது குறித்து நாமும் மகிழ்ச்சி அடைகிறோம். ஆனால் கோட்டை என்றால் ராஜா, ராஜா என்றால் வீரம், வீரம் என்றால் குலப்பெருமை என்று ஒரு பேச்சு கூடவே கிளம்புகிறது. தேசிங்கு ரஜபுத்திர வீரன், மானம் காத்தவன், அவன் மனைவி பத்தினி என்று மேடைகளில் முழங்குகிறார்கள். நடந்தது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம்.

1698இல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தான். சில வருஷங்களில் ஔரங்கசீப் அதைப் புந்தேல்கண்டைச் சேர்ந்த ரஜபுத்திரத் தலைவன் சொரூப் சிங்கிடம் ஒப்படைத்தான். சொரூப் சிங் மக்கள் நலனுக்காக வாளேந்தியவன் அல்ல. வரி வசூலிக்க வந்தவன். அந்த வசூல் தகராறில் கடலூர்ப் பக்கத்து ஆங்கிலேயரோடு 1710 முதல் 1712 வரை சண்டை போட்டான். 1714இல் அவன் இறந்தபோது 70 லட்சம் ரூபாய் பாக்கி என்று நவாபு கணக்குக் காட்டினான். புந்தேல்கண்டிலிருந்து வந்த மகன் தேஜ் சிங், நம் ஜனங்களின் நாவில் தேசிங்கு, 'என் தகப்பன் சொத்து எனக்கே' என்றான். 1714 அக்டோபர் 3ஆம் தேதி போரில் மாண்டான். வயது இருபத்திரண்டு.

பாக்கி கேட்டவனும் வரியில் வாழ்ந்தவன், கொடுக்க மறுத்தவனும் வரியில் வாழ்ந்தவன். களத்துமேட்டில் நெல்லை அளந்து கொடுத்த தென்னார்க்காட்டுக் குடியானவன் இந்தக் கதையில் எங்கே? இந்தச் சண்டையில் எவன் ஜெயித்திருந்தாலும் அவன் குடிசையில் ஒரு மரக்கால் நெல் கூடியிருக்காது.

ஆனாலும் ஜனங்கள் தேசிங்கைப் பாடினார்கள். கூத்தாகவும் ஆடினார்கள், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவும் வந்தது. ஏன் பாடினார்கள்? பேரரசின் அதிகாரத்துக்குப் பணியாத இளைஞன் என்பதால். அதைவிட முக்கியமாக, அவனுடைய நண்பன் ஒரு முஸ்லிம் என்பதால் என்பது நமது அபிப்பிராயம். கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காக உயிர் விட்ட மகமத்கானை இந்துக் குடியானவர்கள் முந்நூறு வருஷமாக மறக்கவில்லை. இன்று மத துவேஷம் விற்றுப் பிழைப்பவர்கள் தேசிங்கின் படத்தைத் தூக்கும்போது இந்தப் பாதியைக் கத்தரித்து விடுகிறார்கள்.

ஜனங்களின் பாட்டிலும் ஒரு குறை உண்டு. சிதையில் ஏறியவளைப் பத்தினி என்று வாழ்த்தி அது நகர்ந்து விடுகிறது. இது வடக்கத்தி வழக்கம் என்று நாம் கை கழுவ முடியாது. பூதபாண்டியன் தேவி தீப்புகுந்ததைச் சங்கப் பாட்டே சொல்கிறது. தீப்பாஞ்சம்மன் கோயில்கள் நம் கிராமங்களில் இருக்கின்றன. தஞ்சைச் சீமையில் இந்தக் கொடுமை நடந்ததாலும்தான் 1830இல் சென்னை ராஜதானிக்குத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

அது பழங்கதை என்பார்கள். சரி, 1987க்கு வருவோம்.

ராஜஸ்தானில் சீகார் மாவட்டத்தில் தேவ்ராலா என்று ஒரு கிராமம். ரஜபுத்திரர்கள் செல்வாக்காக வாழும் ஊர். மின்சாரம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. மாமனார் பள்ளி ஆசிரியர், புருஷன் கல்லூரியில் படித்தவன், பெண் ஜெய்ப்பூரில் பள்ளியில் படித்தவள். பெயர் ரூப் கன்வர், வயது பதினெட்டு. கலியாணமாகி எட்டு மாதம். 1987 செப்டம்பர் 4ஆம் தேதி, நோயில் இறந்த கணவனின் சிதையில் ஊர் பார்த்திருக்க எரிந்து போனாள். தானே விரும்பி ஏறினாள் என்றது ஊர். ஒளிந்தவளை இழுத்து வந்தார்கள், தள்ளாடியபடி நடத்திச் சென்றார்கள் என்று விசாரிக்கப் போன செய்தியாளர்கள் எழுதினார்கள். பதினெட்டு வயதில் விதவையாகி, மொட்டைத் தலையும் ஒதுக்கிய மூலையும் காத்திருக்கும் பெண்ணுக்கு 'விருப்பம்' என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல வெட்கமாக இல்லையா?

பன்னிரண்டாம் நாள் விழாவை உயர்நீதிமன்றம் தடுத்தது. தடையை மீறி லட்சக்கணக்கில் கூடினார்கள். உருவிய வாளோடு இளைஞர்கள் காவல் நின்றார்கள். கணவன் தலையை மடியில் வைத்து அவள் புன்னகை செய்வதாக ஒட்டு வேலை செய்த படம் விற்பனைக்கு வந்தது. தேங்காயும் விற்றது. ஓட்டுக்காகச் சில கட்சிகளின் தலைவர்களும் போய்த் தரிசித்தார்கள்.

இந்த 'பாரம்பரியம்' திடீரென்று எங்கிருந்து வந்தது? 1952இல் ராஜஸ்தானில் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலத்தின் மேலிருந்த அதிகாரம் போயிற்று. மீசை மட்டும் மிஞ்சியது. அந்த மீசையைத் தூக்கி நிறுத்த ஒரு பெண்ணின் சாம்பல் தேவைப்பட்டது. கோயில் கட்டினால் உண்டியலில் பணம் விழும் என்று கணக்குப் போட்ட வர்த்தகர்களும் சேர்ந்து கொண்டார்கள். ஏழை ரஜபுத்திரக் குடியானவனுக்கு இதில் கிடைத்தது என்ன? அவனுடைய மகளுக்கும் இதே கதி வரலாம் என்ற பயம்தான்.

அதே சீகார் மண்ணுக்கு வேறொரு பாரம்பரியமும் உண்டு. 1934 ஏப்ரலில் கட்ராதல் கிராமத்தில் கிஷோரி தேவியின் தலைமையில் ஆயிரக்கணக்கான குடியானவப் பெண்கள் கூடி, தங்களை அவமானப்படுத்திய ஜாகீர்தாருக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். மறு வருஷம் கூதன் கிராமத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2017இல் பதின்மூன்று நாள் போராடிக் கடன் தள்ளுபடி கேட்டவர்கள் அந்தக் குடியானவர்களின் பேரன் பேத்திகள்.

நம் சென்னையையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் 1886இல் பிறந்த சுப்பலட்சுமி பதினோரு வயதில் மணமாகி, உடனே விதவையானவர். வீட்டார் அவரை மூலையில் உட்கார்த்தவில்லை, படிக்க வைத்தார்கள். 1911இல் பட்டம் பெற்றார். கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். அங்கே முதலில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம் என்ற குறையை நாம் மறைக்கப் போவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அடையாறு அவ்வை இல்லம் அந்தக் குறையைத் தாண்டியது. ரூப் கன்வரும் அதே வயதுக்காரிதான். அவளுக்குக் கிடைக்காதது ஒரு பள்ளிக்கூடம் அல்ல. 'நீ உயிரோடு இரு' என்று சொல்ல ஒரு வீடு.

1987இலேயே பாராளுமன்றம் சதித் தடுப்புச் சட்டம் போட்டது. சதியைப் புகழ்ந்தாலே ஒரு வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறை. காகிதத்தில் கடுமையான சட்டம்! 1996இல் கொலை வழக்கில் விசாரிக்கப்பட்டவர்கள் விடுதலை. 2004இல் புகழ்ந்தவர்கள் விடுதலை. 1988இல் நினைவு நாள் கொண்டாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் எஞ்சிய எட்டுப் பேரும், குற்றம் ருசுவாகவில்லை என்று 2024 அக்டோபரில் விடுதலை. முப்பத்தேழு வருஷம் கழித்துச் சட்டத்தின் தீர்ப்பு, அவளை யாரும் எரிக்கவில்லை, யாரும் புகழவும் இல்லை என்பதாக முடிந்திருக்கிறது. மேல்முறையீடு செய்யும்படி மாதர் அமைப்புகள் ராஜஸ்தான் சர்க்காரைக் கேட்டன. அந்தக் கோரிக்கையை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம்.

தமிழ்நாடு சர்க்காரிடமும் ஒரு வார்த்தை. செஞ்சிக்கு இனி வெளிநாட்டிலிருந்தும் பயணிகள் வருவார்கள், புதிய அறிவிப்புப் பலகைகள் எழுதப்படும். அந்தப் பலகையில் தேசிங்கின் குதிரைக்கு இடம் கொடுங்கள், ஆட்சேபமில்லை. வரி கட்டிய கிராமங்களையும் எழுதுங்கள். மகமத்கானை எழுதுங்கள். ராணி உடன்கட்டை ஏறிப் 'புகழடைந்தாள்' என்று எழுதாதீர்கள். எரிக்கப்பட்டாள் என்று எழுதுங்கள்.