எழுத்து நம்முடையது, முகவரி யாருடையது?

இன்று இணையத்தில் எழுதாதவர்கள் அபூர்வம். கையில் ஒரு போன் இருந்தால், மனதில் தோன்றியதை எழுதி ஒரு நிமிஷத்தில் உலகத்தார் முன் வைத்துவிடலாம். அச்சுக்கூடம் வேண்டாம், காகிதம் வேண்டாம், பத்திராதிபர் தயவும் வேண்டாம். இது பெரிய காரியம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், பத்திராதிபர் தயவிலிருந்து தப்பித்துக் கொண்டவர்கள் இப்பொழுது யாருடைய தயவில் எழுதிக் கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கின்றோம்.

"பத்து வருஷமாக எழுதியதெல்லாம் பேஸ்புக்கில் இருக்கிறது" என்று தோழர்கள் பெருமையோடு சொல்லுகிறார்கள். இருக்கிறது, வாஸ்தவந்தான். எந்த நிபந்தனையின் மேல் இருக்கிறது? கம்பெனிக்கு லாபமும் இஷ்டமும் உள்ள வரையில் என்பதல்லாமல் வேறென்ன? வீட்டுக்காரன் காலி செய்யச் சொன்னால் குடியிருப்பவனாவது கோர்ட்டுக்குப் போகலாம். இங்கேயோ, கணக்குத் திறக்கும்போதே நிபந்தனைகளைப் படித்துப் பாராமல் "சம்மதம்" என்று சொல்லித்தானே உள்ளே நுழைந்தோம்?

இது வெறும் பயமுறுத்தல் என்பவர்களுக்கு நடந்த சேதி ஒன்றை எடுத்துக் காட்டுகின்றோம். அமெரிக்காவில் 1994இல் துவங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் கம்பெனி, யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைத்துக் கொள்ள இடம் கொடுத்தது. சினிமாவைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு பேட்டை, கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு பேட்டை என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் வீட்டு நம்பர் போல் ஒரு நம்பரும் கொடுத்தது. ஜனங்கள் அதைத் தங்கள் வீடென்றே நம்பினார்கள். 1999இல் யாஹூ கம்பெனி அதை விலைக்கு வாங்கிற்று. அதே வருஷத்தில், அங்கு எழுதப்பட்டவற்றைத் தன் இஷ்டம்போல் உபயோகித்துக் கொள்ளத் தனக்குப் பாத்தியதை உண்டென்று ஒரு நிபந்தனை போட்டது. எழுதினவர்கள் கூச்சலிட்டு எதிர்த்த பிறகுதான் அதைத் திருத்திக் கொண்டது. பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபரில், அமெரிக்காவிலிருந்த அந்த இடம் முழுவதும் மூடப்பட்டது. அங்கிருந்த பக்கங்கள் 3 கோடிக்கும் மேல். ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர் கூட்டத்தாரும் வேறு சிலரும் ஓடியோடிப் பிரதி எடுத்ததில் ஒரு பகுதி மிஞ்சிற்று.

தன் எழுத்தைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துக் கொண்ட கெட்டிக்காரர்களும் ஒன்றை இழந்தார்கள். அதுதான் முகவரி. அந்த முகவரியை நம்பி மற்றவர்கள் தத்தம் பக்கங்களில் காட்டியிருந்த வழியெல்லாம் குருட்டு வழியாயிற்று. ஏனெனில், அந்த வீட்டு நம்பர் எழுதினவருடையதல்ல, கம்பெனியுடையது.

இதற்கு எதிரிடையான மற்றொன்றையும் பாருங்கள். 1999 முதல் ஆர்.எஸ்.எஸ். ஓடை என்று ஒரு முறை இருந்து வருகிறது. ஒருவர் தம் பக்கத்தில் புதிதாக எழுதினால், நடுவில் எந்தக் கம்பெனியின் சிபாரிசும் இல்லாமல், விரும்பிக் கேட்டுக் கொண்டவர்களுக்கு அது போய்ச் சேரும். அப்படிப் படிப்பதற்குக் கூகுள் கம்பெனி நடத்தி வந்த ரீடர் என்ற வசதி 2013 ஜூலையில் மூடப்பட்டது. படித்தவர்கள் வருத்தப்பட்டார்கள், ஆனால் தாங்கள் படித்து வந்த பக்கங்களின் ஜாபிதாவை எடுத்துக் கொண்டு வேறு வசதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எழுதினவர்களின் பக்கங்களுக்கு இதனால் அழிவில்லை. இரண்டு இடத்திலும் மூடினது பெரிய கம்பெனிதான். ஓரிடத்தில் வெளியேற வழி இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான்: யாருடைய இயந்திரத்தில் எழுத்து இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமல்ல. வேண்டாமென்று தோன்றிய நாளில், எழுத்தையும் முகவரியையும் எடுத்துக் கொண்டு வெளியேற முடியுமா என்பதே முக்கியம்.

இதற்கு இரண்டு காரியங்கள் போதும். முதலாவது, சொந்தமாக ஒரு டொமைன் முகவரி. அதற்கு வருஷா வருஷம் ஒரு கட்டணம் ஆகும். தெரிந்த பையன் ஒருவன் செய்து கொடுத்தானென்று அவன் பெயரில் பதிவாக விட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரிலேயே பதிவாக வேண்டும். அதுவும் குத்தகைதான் என்பதை மறக்கக் கூடாது. டாட் காம் முகவரியை ஒரே தடவையில் 10 வருஷத்துக்கு மேல் பதிய முடியாது. தவணை தவறினால் கடைசியில் வேறொருவன் எடுத்துக் கொள்வான். இரண்டாவது, எழுதினது முழுவதற்கும் ஒரு பிரதி நம் கையில் இருக்க வேண்டும். 2003 முதல் இருந்து வரும் வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருள்களில், எழுதியதையெல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக் கொள்ளலாம். மாதம் ஒரு தடவை இதைச் செய்ய அரைமணி நேரங்கூடப் பிடிக்காது. இவ்விரண்டும் கையிலிருந்தால், இடம் கொடுத்தவன் இன்றே கதவடைத்தாலும் வேறிடத்தில் பக்கத்தை வைத்து, அதே முகவரியை அங்கே திருப்பிவிடலாம். படிக்க வருபவருக்கு வீடு மாறியதே தெரியாது.

நிற்க, வீட்டிலேயே சர்வர் வைத்து நடத்துவதுதான் உண்மைச் சுதந்திரம் என்று சொல்லுவோரும் உண்டு. முடிந்தவர்கள் செய்யட்டும், கற்றுக் கொள்ள அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் மின்சாரம் போனால் பக்கமும் போகும். பல இணையக் கம்பெனிகள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து நேராக நம் வீட்டு இயந்திரத்துக்கு வந்து சேரவும் வழியிருக்காது. அப்படிச் செய்யாதவன் மட்டமானவன் என்பது புதுவித மடி ஆசாரமே தவிர வேறல்ல.

இன்னும் சிலர், "ஜனங்கள் எல்லாம் அங்கேதானே இருக்கிறார்கள்? தனிப் பக்கத்துக்கு யார் வருவார்கள்?" என்கிறார்கள். குறைவாகத்தான் வருவார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. கடைத்தெருவுக்குப் போய் நோட்டீஸ் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டுப் பத்திரத்தையும் அங்கேயே போட்டுவிட்டு வரலாமா என்றுதான் கேட்கின்றோம். ஊர் ஏரியை ஆக்கிரமித்தது யார், பள்ளிக்கூடக் கட்டடம் ஏன் இடிந்தது என்று இன்று ஒருவர் எழுதுகிற எழுத்து, இருபது வருஷம் கழித்துப் பேரப் பிள்ளைகளுக்குச் சாட்சியாக வேண்டியிருக்கும். அது அன்று இருக்குமா இராதா என்பதை விளம்பர லாபக் கணக்கா முடிவு செய்வது?

இந்த வலையைக் கண்டுபிடித்தது டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் வேலை செய்த ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையமான செர்ன், 1993 ஏப்ரல் 30இல் அதை எவருக்கும் கட்டணமில்லாத பொதுச் சொத்தாக விட்டுக் கொடுத்தது. பாதை பொதுப் பாதை. அப்படியிருக்க, நாமாகவே ஒரு முதலாளியின் திண்ணையில் போய் ஒண்டிக் கொண்டு, அவன் கதவைச் சாத்தும்போது அழுவானேன்? எழுதுகிற தோழர்கள் ஒவ்வொருவரும் இந்த மாதத்திலேயே தம் எழுத்தின் பிரதியைக் கையில் எடுத்துக் கொண்டு, தம் பெயரில் ஒரு முகவரியும் பதிந்து கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துகின்றோம்.