ஓடாத சக்கரத்துக்கும் ஒரு பங்கு

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "எங்களிடம் பழைய ஃபோர்டு பிக்கப் லாரி ஒன்று இருக்கிறது. பின் சக்கரங்களால் மட்டுமே ஓடுகிற வண்டி. போன பனிக் காலத்தில் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டது. ஒரு சக்கரம் பம்பரமாய்ச் சுழல்கிறது. மற்றொன்று கல்லாய் நிற்கிறது! 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்' என்று ஒன்றை வாங்கி, கார் ஷெட்டில் தாமே பொருத்தப் போவதாக இவர் சொல்கிறார். அந்த வண்டியில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறவள் நான். இந்தச் செலவு அவசியந்தானா? அதனால் அபாயம் ஏதும் உண்டா?"

நல்ல கேள்வி, சகோதரி. பெயரின் நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். விஷயம் எளிது.

குழந்தைகள் கைகோத்து வரிசையாக நின்று வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்துக் குழந்தை ஓட வேண்டியிருக்கிறது. நடுவில் உள்ளது நின்ற இடத்திலேயே அடி வைக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரங்களின் கதையும் இதுதான். வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், திரும்பும்போதெல்லாம் டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இதற்குப் பரிகாரமாக 1820-களின் கடைசியில் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி, நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்பைச் செய்தார். அதுதான் டிஃபரென்ஷியல். லாரியின் பின்புறம், இரு சக்கரங்களுக்கும் நடுவே பானை போல் பருத்த இரும்புக் கூடு தெரிகிறதே, அதற்குள்தான் அது குடியிருக்கிறது.

அப்படியானால் பனியில் ஏன் மாட்டிக்கொள்கிறது? கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் போட்ட கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்திருக்கிறார்கள். ராட்டினத்தை மேலே தூக்கினால் இருவர் கையிலும் ஒரே அளவு இழுப்புத் தெரியும். ஒருவர் பிடியை விட்டாரோ, கயிறு உருவிக்கொண்டு ஓடிவிடும். மற்றவர் எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் அவர் கையில் இழுப்பே இராது. டிஃபரென்ஷியலும் இரு சக்கரங்களுக்கும் சமமாகவே பங்கு போடுகிறது. வழுக்குப் பனியில் நிற்கும் சக்கரத்தால் துளி விசையைத்தான் தாங்க முடியும். ஆகவே நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே துளிதான் கிடைக்கும்!

பிக்கப் வண்டியில் இந்தத் தொல்லை அதிகம். எஞ்சினின் பாரம் முன்பக்கம் இருக்கிறது. பின்புறத் தொட்டி காலியாக இருந்தால், வண்டியை ஓட்டும் சக்கரங்கள்மேல் அழுத்தம் போதாது.

இப்போது அந்த ராட்டினம் சற்று இறுகலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பிடியை விட்டாலும் கயிறு சட்டென்று உருவாது; மற்றவர் கையில் கொஞ்சம் இழுப்பு நிற்கும். லிமிடெட் ஸ்லிப் என்பது அந்த இறுக்கம்தான். உள்ளே அப்பளக் கட்டைப் போல் மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒரு வில் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். வளைவில் வேண்டிய வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும். ஒரு சக்கரம் தறிகெட்டுச் சுழன்றால் பிடித்து நிறுத்தப் பார்க்கும். முதலில் இது பந்தயக் கார்களுக்குத்தான் வேண்டியிருந்தது. 1935-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே, ஆட்டோ யூனியன் பந்தயக் காருக்காக இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனியாரிடம் செய்யச் சொன்னார். 1956-ல் அமெரிக்காவில் பாக்கார்ட் கார்களில் வந்தது. பிறகு சாதாரண லாரிகளுக்கும் இறங்கிவிட்டது.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். பின் அச்சுக் கூட்டில் சிறிய தகர அடையாளம் தொங்கினால் துடைத்துப் பாருங்கள். ஃபோர்டில் 3.73 என்பதற்குப் பதிலாக, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், கம்பெனியாரே லிமிடெட் ஸ்லிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தகடுகள் தேய்ந்து போயிருக்கலாம். அவற்றை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவது, நல்ல பனிக்கால டயர்கள் இருக்கின்றனவா? டயர் கிளம்பவும் திரும்பவும் நிற்கவும் உதவும். லிமிடெட் ஸ்லிப் கிளம்புவதற்குத்தான் உதவும். பிரேக்குப் போடும்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகையால் முதல் செலவு டயருக்கே.

இனி வேலை. சமதளமான தரையில் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்க விடாதீர்கள். கூட்டின் மூடியைத் திறந்து பழைய எண்ணெயை வடித்து, 'சி' எழுத்தைப் போன்ற கொக்கி வளையங்களை எடுத்தால் இரு பக்கத் தண்டுகளும் வெளியே வரும். பேரிங் மூடிகளையும், ஓரத்தில் செருகியுள்ள ஷிம் வில்லைகளையும் இடது வலது என்று குறித்துத் தனித்தனியே வைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எல்லாம் கெட்டது. பிறகு பெரிய கிரவுன் சக்கரத்தைக் கழற்றி, புதிய கூட்டில், சொன்ன அளவு முறுக்கத்தில் இறுக்குவார்கள்.

கிரவுன் சக்கரத்துக்கும், எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்துக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் நுட்பமெல்லாம் இருக்கிறது. அது ஓர் அங்குலத்தை ஆயிரமாய்ப் பிரித்ததில் ஏறக்குறைய பத்துப் பங்கு. சரியான கணக்கு அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும். பல் வைத்தியர் வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிப் பார்ப்பாரே, அதைப் போலப் பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிசகினால் வண்டி ஓடும்போது ஊளையிடும். நாளடைவில் பல்லே உடையும். அளக்கும் கருவி இல்லாவிட்டால், உங்கள் வீட்டுக்காரர் இதை மட்டுமாவது தொழில் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

பொருத்திய பிறகு, வண்டி ஓட்டும் நீங்கள் மறக்கக்கூடாதவை நான்கு:

ஒன்று, எண்ணெய். கியர் எண்ணெயோடு, உராய்வைப் பதப்படுத்தும் திரவம் ஒன்றும் சேர வேண்டும். ஃபோர்டின் 8.8 அங்குல அச்சுக்குச் சாதாரணமாக 4 அவுன்ஸ். அது குறைந்தால் திரும்பும்போது பின்புறம் கடகடவென்று நடுங்கும்.

இரண்டு, டயர். இரு பின் சக்கரங்களும் ஒரே அளவாக இருக்கட்டும். சிறிய ஸ்டெப்னியோடு நெடுந்தூரம் போனால் தகடுகள் ஓயாமல் உரசித் தேயும்.

மூன்று, வழுக்குப் பனி. முன்பு ஒரு சக்கரம் சுழன்றது. மற்றது வண்டியை நேராகப் பிடித்திருந்தது. இனி இரண்டும் சேர்ந்து சுழலலாம். வண்டியின் வால் பக்கவாட்டில் வழுக்கலாம். ஆகவே பால் பொங்காமல் காய்ச்சுகிற நிதானத்தோடு ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள்.

நான்காவதுதான் உயிர்ப் பிரச்சினை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓட்டிக் கியரில் போடவே கூடாது. தூக்கிய சக்கரம் மட்டும் சும்மா சுற்றும் காலம் போய்விட்டது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போகும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

இந்த நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஜாக்கி வைத்திருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டும் நாளும் வருமல்லவா?